அம்மா விட்ட ப்ரமோஷன்

பாப்பா,

முந்தாநாள் போனில் நீ கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. "எனக்காகத்தானப்பா அம்மா அந்த ப்ரமோஷனை விட்டாங்க, நான் அவங்களுக்கு என்ன செஞ்சேன்" என்று அழுதாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்து, சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது. இருபது வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றைப் போனில் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து முன்னே மாதிரி இல்லை, பொறுத்துக்கொள்.

முதலில் இருந்தே வருகிறேன். உங்கம்மா தபால் ஆபீசில் சேர்ந்தது 1980. எங்களுக்குக் கல்யாணம் 1984. பெண் பார்க்கப் போன அன்றைக்கு உன் தாத்தா வீட்டுத் திண்ணையில் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அதற்கு அடியில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. தாத்தா அதை விரட்டக் கையை ஓங்கினார். காபி டம்ளரோடு வந்த உங்கம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல், "அது எப்பவும் அங்கதான்ப்பா படுக்கும், அவங்க வேணா அந்த நாற்காலியில உக்காரட்டும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எனக்கு நாய் பிடிக்காது, அது உனக்கே தெரியும். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து சைக்கிளில் வருகிறவனுக்கு நாயைப் பிடிக்க ஒரு காரணமும் கிடையாது. இன்றைக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அவள் வேலை பார்த்ததை நீ சின்ன வயதில் கவுண்டருக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய், ஆனால் உனக்கு ஞாபகம் இருப்பது முத்திரை குத்தும் சத்தமும் பசைக் கிண்ணமும் மட்டும்தான் என்று ஒருமுறை சொன்னாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் முதியோர் பென்ஷன் மணியார்டரில் வரும். கிழவிகள் வீட்டில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆபீசுக்கே வந்து தூண் ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். கையெழுத்துப் போடத் தெரியாது, இடது கைப் பெருவிரல் ரேகைதான். மை ஒட்டின விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போவார்கள், சேலை பாழாகும். உங்கம்மா டிராயரில் ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் வைத்திருப்பாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி அந்த விரலைத் துடைத்துவிட்டுத்தான் ரூபாயை எண்ணுவாள். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவளுக்கு அது காதிலேயே விழாது. மில்லில் வேலை பார்த்த பெண்கள் ஆர்.டி. கட்ட வருவார்கள், மாசம் ஐம்பது, நூறு. ஒரு மாசம் வரவில்லை என்றால் உங்கம்மா அந்தத் தெருப் போஸ்ட்மேனிடம் "அந்தப் பிள்ளைக்கு என்ன, உடம்பு சரியில்லையா" என்று கேட்டு விடுவாள். ஆபீசில் யாரும் அவளைச் செய்யச் சொல்லாத வேலை இது.

ஒரு இன்ஸ்பெக்‌ஷன் கதை இருக்கிறது, நீ கேட்டிருக்க மாட்டாய். ஆபீசுக்குப் பின்னால் கிழிந்த தபால் பைகளைக் கழித்துப் போட்டு ஒரு குவியலாகக் கிடக்கும். கித்தான் பை, கனமாக இருக்கும், மழைக்கு நல்ல கதகதப்பு. அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு கறுப்புப் பெட்டை அதற்குள் போய் ஆறு குட்டி போட்டுவிட்டது. வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. கழித்த பையையும் எண்ணிக் காட்ட வேண்டும். எல்லாரும் குட்டிகளை எடுத்து வெளியே விடச் சொன்னார்கள். இவள் அன்று சாயங்காலம் கணக்கு முடித்த பிறகு, குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய ரிக்கார்டு ரூமில் வைத்து, தாய் வந்துபோக ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று வந்தவர் லெட்ஜரைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து கீச் கீச்சென்று சத்தம். "என்னம்மா சத்தம்?" என்றார். உங்கம்மாவுக்குப் பொய் வராது. "ஆறு ஐட்டம் சார், ரெஜிஸ்டர்ல ஏத்தல" என்றிருக்கிறாள். அந்த மனுஷர் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பேசாமல் அடுத்த லெட்ஜரை எடுத்தாராம். நல்ல மனுஷர்.

இதில் ஒரு சங்கடம், நாய்க்கும் போஸ்ட்மேனுக்கும் ஜென்மப் பகை. காக்கிச் சட்டையும் சைக்கிளும் கண்டால் தெருவே குரைக்கும். எண்பதுகளில் ஒரு போஸ்ட்மேனை நல்லாக் கடித்துவிட்டது. அப்போது நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி, பதினாலு நாள். அந்தப் பழைய ஊசி 2004-ஓடு நின்றுவிட்டது, இப்போது கையில் போடுகிறார்கள். அந்த ஆள் மூன்று ஊசியோடு பயந்து நின்றுவிட்டார். உங்கம்மா மிச்சம் இருந்த நாள் அத்தனையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். "நாயைப் பாவம்னு சொல்றவதான் முதல்ல ஊசிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்பாள். கடி வாங்கினவர்களிடம் அவள் ஒருநாளும் நாய்க்காகப் பரிந்து பேசினது இல்லை. கடித்தால் உடனே பைப்பைத் திறந்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு, மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வைக்காதே, நேரே ஊசிக்குப் போ. இதைத்தான் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். நாய் பிரியர்கள் என்று சொல்லிக்கொள்கிற சிலர் இதைச் செய்வதில்லை, கடி வாங்கினவனோடு சண்டைக்கு நிற்கிறார்கள். அதுதான் எனக்குக் கோபம் வரும்.

இப்போது துரை விஷயம். 2005 ஜனவரி 9-ஆம் தேதி தபால் துறை நாய்களுக்கு நாலு ஸ்டாம்பு வெளியிட்டது. இமயமலைப் பக்கத்து ஆட்டு நாய், ராம்பூர், முதோல், அப்புறம் நம்ம ராஜபாளையம். உங்கம்மா மதுரைத் தலைமை அஞ்சலகத்தில் இருந்த சிநேகிதியிடம் சொல்லிவைத்து வாங்கிவந்தாள். வீட்டுக்குள் நுழையும்போதே, "பாத்தீங்களா, மத்த மூணும் அஞ்சு ரூபா. நம்ம ஊர் நாய்க்கு மட்டும் பதினஞ்சு!" என்றாள். பதினைந்து ரூபாய்க்கு நாய்ப் படமா என்று நான் கேட்டது இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. பாஸ்புக் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். இன்னும் இருக்கிறது.

அந்த ஸ்டாம்பைக் கவுண்டரில் யாரிடம் எல்லாம் காட்டினாளோ, அதில் ஒருவர் நாய் வளர்த்து விற்கிறவர், ஆர்.டி. கட்ட வருகிறவர். ஒரு மாசம் கழித்து மஞ்சப்பையில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டார். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, அப்படியே ஸ்டாம்பில் இருந்து இறங்கின மாதிரி. "காது கேக்காதும்மா, காவலுக்கு ஆகாது, யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார். இந்தச் சாதியில் அப்படி நிறையப் பிறக்கும். முழு வெள்ளைக்கு ஆசைப்பட்டு வெள்ளையோடு வெள்ளையாகச் சேர்த்துச் சேர்த்து, நிறம் வந்தது, காது போய்விட்டது.

நீதான் துரை என்று பேர் வைத்தாய், வெள்ளைக்காரத் துரை மாதிரி இருக்கிறான் என்று. "கேக்காத நாய்க்கு எதுக்குப் பேரு?" என்றேன் நான். "அதுக்கு இல்லைங்க, நமக்குக் கூப்பிட வேண்டாமா?" என்றாள் உங்கம்மா.

அவனைக் கூப்பிட அவள் கண்டுபிடித்த வழி உனக்கு ஞாபகம் இருக்கும். குதிகாலால் தரையில் இரண்டு தட்டு. அடுத்த அறையில் தூங்கினாலும் எழுந்து வந்துவிடுவான். ராத்திரி கொல்லையில் இருந்தால் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவாள். பின்னால் இருந்து திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடுவான் என்று எனக்கு நூறு தடவை சொல்லியும் நான் ஒருநாள் தொட்டு, கடி வாங்கி, ஐந்து ஊசி போட்டுக்கொண்டேன். உங்கம்மாதான் கூட வந்தாள், சொன்ன சொல் மாறாமல்.

மில் சங்கு ஊதினால் தெருவில் இருக்கிற நாய் எல்லாம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஊளையிடும் இல்லையா. துரைக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் உட்கார்ந்து மற்ற நாய்களைப் பார்ப்பான். எல்லாம் மேலே பார்க்கிறதே என்று தானும் மேலே பார்ப்பான். அப்புறம் சங்கு நின்று, அதுகள் எல்லாம் வாயை மூடின பிறகு, இவன் ஒருத்தன் மட்டும் ஆரம்பிப்பான். உங்கம்மா அடுப்படியில் இருந்து வந்து, இடுப்பில் கைவைத்து நின்று, கண்ணில் தண்ணி வரச் சிரிப்பாள். ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

அந்த ஜூன் மாசம்தான் ஆர்டர் வந்தது. எல்.எஸ்.ஜி. என்கிற சூப்பர்வைசர் ப்ரமோஷன். இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர், காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டரைக்கு வரலாம், இல்லையென்றால் அங்கேயே ரூம் எடுத்துத் தங்க வேண்டும். நீ ப்ளஸ் டூ ஆரம்பித்திருந்தாய். உங்கம்மா மூன்றாம் நாள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் என்ற இடத்தில் "குடும்பச் சூழ்நிலை". ஆபீசில், தெருவில், உன் சித்தி, பெரியம்மா எல்லாரும் பிள்ளை படிப்புக்காக விட்டுவிட்டாள் என்றார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய். ரிசல்ட் வந்த அன்று அம்மா காலைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொல்லிவிடாதீர்கள் என்கிற பார்வை.

ஏனென்றால் எழுதிக் கொடுத்த அன்று ராத்திரி நான் கேட்டேன். "பாப்பாவுக்காகத்தான?" அவள் துரைக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்கு என்ன, அலாரம் வெச்சு எந்திரிச்சுப் படிச்சுக்குவா. சோறு நீங்க வடிச்சிருவீங்க. இவனை யாரு பார்ப்பா? நீங்க தரையைக்கூடத் தட்ட மாட்டீங்க. கத்திக் கத்திக் கூப்பிட்டுட்டு, வரலைன்னு கோவிச்சுக்குவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை பேசவில்லை. இதை உன்னிடம் சொல்லாததற்கு உங்கம்மா பார்வை ஒரு காரணம், இது ஒரு காரணம். துரைக்காக விட்டாள் என்று சொன்னால், துரையை ஏன் அப்பா பார்த்துக்கொள்ளவில்லை என்று நீ கேட்பாய் இல்லையா. நான் தட்டப் பழகியிருந்தால் அவள் சூப்பர்வைசராக ரிட்டயர் ஆகியிருப்பாள்.

நம்ப மாட்டாய் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வேண்டாம் என்று எழுதினால் ஒரு வருஷத்துக்குப் பேரை எடுக்க மாட்டார்கள், அப்புறம் மறுபடி வரும். வந்தது. அப்போது நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய், வீட்டில் படிக்கிற பிள்ளையே கிடையாது. அதையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அதே "குடும்பச் சூழ்நிலை". இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அதோடு, நான் பார்த்தவரை, அவளுக்கு அந்தக் கவுண்டரை விட்டுப் போகவும் மனசு இல்லை. மேலே போய் உட்கார்ந்தால் கிழவிகளின் விரலை யார் துடைப்பது. ஆகவே நீ இத்தனை வருஷமாக முழுசாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாயே, அதில் உன் பங்கு ஏதாவது இருந்தால் நாலில் ஒன்று இருக்கும். மிச்சம் துரைக்கும், கிழவிகளுக்கும், எனக்கும். எனக்குக் கொஞ்சம் கூடவே போடு.

அவள் போன பிறகு பீரோவில் ஒரு நீள நோட்டுக் கிடைத்தது. நீ காரியத்துக்கு வந்திருந்தபோது காட்டியிருக்கலாம், எனக்கே அப்போது பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. நம் தெரு, பின் தெரு, ஆபீஸ் பக்கம் இருந்த நாய்கள் எல்லாம் அதில் லெட்ஜர் மாதிரி கோடு போட்டு ஏறியிருக்கின்றன. கணக்கு எண், பேர், அடையாளம், முதலில் பார்த்த தேதி, வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி, கருத்தடை ஆபரேஷன் ஆன தேதி, ஆபரேஷனுக்கு அடையாளமாகக் காதில் வெட்டு இருக்கிறதா இல்லையா. நகராட்சி வண்டி பிடித்துக்கொண்டு போனால் அந்தத் தேதியும், திரும்பக் கொண்டுவந்து விட்ட தேதியும். பிடித்த இடத்திலேயேதான் திரும்ப விட வேண்டும் என்று 2001-லேயே சட்ட விதி வந்துவிட்டது, அதன் நகலை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்திருப்பாள். ஒருமுறை வண்டிக்காரர் வேறு ஏரியாவில் இறக்கப் போக, நடுரோட்டில் நின்று அந்தக் காகிதத்தை வாசித்துக் காட்டினாளாம். 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லிவிட்டு, பதினோராம் நாளே ஊசியும் ஆபரேஷனும் முடித்து, வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் தவிர மற்றதைப் பழைய இடத்தில் விடச் சொன்னதே, அன்று டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவன் "ஏங்க, நான் சொன்னேன்ல" என்று குரல் வருமென்று அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

செத்துப்போன நாய்க்கு எதிரே சிவப்பு மையில் "கணக்கு முடிக்கப்பட்டது" என்று எழுதித் தேதியும் சின்னக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். காணாமல் போனதற்கு "சைலன்ட்". அது அவர்கள் ஆபீஸ் பாஷை, மூன்று வருஷம் போடாமல் எடுக்காமல் கிடக்கிற சேமிப்புக் கணக்கை சைலன்ட் அக்கவுண்ட் என்பார்கள். அந்தக் கணக்கை மூட மாட்டார்கள், ஆள் வந்து கேட்டால் உயிர் கொடுப்பார்கள். நாய்க்கு மூன்று மாசம் என்று வைத்திருக்கிறாள். அப்படி சைலன்ட் போட்டு, எட்டு மாசம் கழித்து அடித்துவிட்டு "வந்துவிட்டது" என்று எழுதின ஒன்றும் இருக்கிறது, 23-ஆம் நம்பர்.

துரைக்கு நம்பர் 9. 2016 கார்த்திகையில் முடிந்தது. சிவப்பு மையில் எழுதவில்லை. அந்த வரியில் கடைசிக் கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறாள். கணக்கில் ஒரு கட்டத்தை வெறுமையாக விடுகிற ஆள் இல்லை அவள், உனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வருஷம் ஜூன் 30 அவள் ரிட்டயர்மெண்ட். மாலை போட்டு வேனில் கொண்டுவந்து விட்டார்கள். வேன் பின்னாலேயே ஆபீஸ் நாய் இரண்டு தென்காசி ரோடு வரைக்கும் ஓடிவந்தன, போட்டோ கூட யாரோ எடுத்தார்கள், கலங்கலாக இருக்கிறது. அப்புறம் ஏழு வருஷம் வீட்டில் இருந்தாள். கடைசி நாளைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், திரும்ப எழுத வேண்டாம். ஒன்று மட்டும் விட்டுவிட்டேன். அன்று காலையிலும் ஐந்தரைக்கு எழுந்து பால்சோறு பிசைந்து வெளியே வைத்துவிட்டுத்தான் நெஞ்சு வலிக்கிறது என்றாள்.

நீ டப்ளினுக்கு வா வா என்கிறாய். அங்கே நாய்க்கெல்லாம் கயிறு, சட்டை, டாக்டர் என்று போட்டோ அனுப்புகிறாய், அம்மா இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பேர் கேட்டிருப்பாள். வருகிறேன். சித்திரை வெயிலில் வருகிறேன். அதுவரைக்கும் நோட்டை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், பக்கத்து வீட்டு ப்ளஸ் ஒன் பையன் ஆர்வமாகக் கேட்கிறான், இரண்டு மாசம் பார்க்கலாம். ஆமாம், நான்தான் இப்போது எழுதுகிறேன். பிடிக்காது என்றேனே, அது வேறு. கணக்கு இடையில் நிற்கக் கூடாது. போன வாரம் 61, 62 என்று இரண்டு புதிசாக ஏற்றியிருக்கிறேன். கோடு அவள் போட்ட மாதிரி நேராக வரவில்லை.

இந்தக் கடிதத்தை ஆபீசிலேயே கொண்டுபோய்ப் போடுகிறேன். பதிவுத் தபாலையும் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், தெரியுமா, 2025-ல். உங்கம்மாவுக்குப் பிடித்திருக்காது. கவுண்டரில் இப்போது ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறாள், என் பேரைச் சொன்னதும் "மேடம் வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். அந்தப் பதினைந்து ரூபாய் ஸ்டாம்பை உனக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன், தொலைந்துபோனால் மனசு ஆறாது, வரும்போது கையில் கொண்டுவருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டேன் என்று சொல். 47-ஆம் நம்பர், கறுப்பு, வலது காதில் வெட்டு, முந்தாநாளில் இருந்து கண்ணில் படவில்லை. மழை விட்டிருக்கிறது, டார்ச்சை எடுத்துக்கொண்டு ரைஸ் மில் பக்கம் ஒரு நடை பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை

வந்துவிட்டேன். ரைஸ் மில் திண்ணையில்தான் படுத்திருந்தது. எழுந்திருக்க மாட்டேன் என்றது, தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். இதற்குக் காது நன்றாகக் கேட்கும், அதனால் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடவே வந்துவிட்டது.

அப்பா